ஆர்சி புக்கில் ஒரு கார், ரோட்டில் வேறொரு கார்

முதல்லயே நான் எந்தக் கட்சின்னு சொல்லிடறேன். செகண்ட் ஹேண்ட்ல, ரொம்ப மாடிஃபை பண்ணின ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போறீங்கன்னா, அந்த மாடிஃபிகேஷனுக்காக ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீங்க. அதே வருஷம், அதே மாடல், யாரும் கை வைக்காத கார் என்ன விலைக்குப் போகுதோ, அதுல இருந்து குறைச்சுத்தான் கேக்கணும். விக்கிறவர் ஒத்துக்கலையா, வண்டியை அவரே வெச்சு ஓட்டட்டும்.

இதைச் சொன்னதுல இருந்து ஹாஸ்டல்ல பாதிப் பேர் என்னை ‘அங்கிள்’னு கூப்பிடறாங்க. பரவாயில்ல. நானும் நீட் ஃபார் ஸ்பீட் விளையாடி வளர்ந்தவன்தான். டர்போ காத்தை வெளிய விடுற அந்த ‘ஸ்ஸ்தூ’ சத்தம் கேட்டா எனக்கும் தலை தானாத் திரும்பும். ஆசை தப்புன்னு நான் சொல்ல வரல. விலைதான் தப்பு. அந்த விலைக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு நம்மள்ல நிறையப் பேர் பார்க்கறதில்ல.

இந்தப் பேச்சு ஃபைனல் இயர்ல வர்றதுக்குக் காரணம் இருக்கு. ஆஃபர் லெட்டர் வந்துருச்சு, சம்பளம் இன்னும் வரல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மாசங்கள்ல, இன்னும் கைக்கு வராத பணத்தை நாம மனசுக்குள்ள ரெண்டு மூணு தடவை செலவு பண்ணி முடிச்சிடறோம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு விளம்பரம் தேடறோம். ‘சிங்கிள் ஓனர், ஸ்டேஜ் 2, சீரியஸ் பையர்ஸ் மட்டும்.’ நாம ஒவ்வொருத்தரும் சீரியஸ் பையர்தானே!

ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னதும் தரையை ஒட்டின ரெண்டு கதவு ஃபெராரியை நினைச்சுக்காதீங்க. நம்ம பட்ஜெட்டுக்கு அந்தப் பேர்ல வர்றது வேற ரகம். 2000-களோட ஆரம்பத்துல ஓடின 1.5 லிட்டர் விடெக் ஹோண்டா சிட்டி, 106 குதிரைத்திறன். முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, 150. 2015-ல வந்த அபார்த் புன்டோ, 145; பிஎஸ்6 விதி வர்ற நேரத்துல ஃபியட் இங்க கடையைக் கட்டிட்டுப் போயிருச்சு, அதனால அதை வாங்கினா பார்ட்ஸ் தேடறதே தனி வேலை. அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல வந்தது, 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. போலோ விற்பனை 2022-ல நின்னுபோச்சு, நின்னதுக்கப்புறம் மவுசு இன்னும் கூடிப்போச்சு.

என் ரூம்மேட் பார்த்து வெச்சிருக்கிறதும் போலோ ஜிடிதான். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.) கேரளா ரெஜிஸ்ட்ரேஷன், புனலூர்ப் பக்கம். ஸ்டேஜ் 2 ரீமேப், டவுன்பைப், இன்டேக், லோயரிங் ஸ்ப்ரிங், பெரிய அலாய் வீல். விக்கிற சேட்டன், சாதா ஜிடிக்குப் போற விலையை விட ஒன்றரை லட்சம் அதிகமாக் கேக்கறார். “பார்ட்ஸ் பில்லே ரெண்டரை லட்சம் மோனே”ங்கிறார். என் ரூம்மேட் கணக்குல இவனுக்கு ஒரு லட்சம் லாபம். அவங்க அப்பா வளைகுடாவுல இருந்து அனுப்பறதுல அம்மா மிச்சம் பிடிச்சுக் கட்டின சீட்டு இந்த ஆவணியில முடியுது. அது பாதி. மீதி, வேலையில சேர்ந்ததும் எடுக்கப் போற பர்சனல் லோன். அதாவது இந்தக் காருக்குள்ள ஒரு குடும்பத்தோட மொத்தச் சேமிப்பும், இன்னும் வராத மூணு வருஷச் சம்பளத்துல ஒரு பங்கும் இருக்கு.

அந்த ரெண்டரை லட்சம் பில் பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. உண்மையாவே இருக்கட்டும். ஆனா அது அந்தச் சேட்டனோட சந்தோஷத்துக்கு ஆன செலவு. அந்தச் சந்தோஷத்தை அவர் அனுபவிச்சு முடிச்சுட்டார். வீட்டை விக்கிறவர், போன வருஷம் பொண்ணு கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் செலவையும் வீட்டு விலையில சேர்த்தா நாம என்ன சொல்லுவோம்?

சரி, பந்தலாவது பிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இங்க நம்ம தலையிலேயே கட்டிட்டுப் போறாங்க. சட்டம் எங்க வருதுன்னா, இங்கதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதுல 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்சியில இருக்கிற விவரத்துக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை அடிச்சுச் சொல்லுச்சு. அது கேரளா உயர் நீதிமன்றத்துல இருந்து போன வழக்கு, நமக்குப் பக்கத்து ஊர்க் கதைதான். அதே வருஷம் செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்ந்துச்சு. அனுமதி இல்லாம வண்டியை மாத்தற ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ங்கிற வார்த்தையைக் கவனிங்க. ரூம்மேட் காட்டின விளம்பரத்துல அஞ்சு மாற்றம் பெருமையா வரிசையா எழுதியிருந்துச்சு. அதுல எது சட்டத்துக்கு உள்ள, எது வெளியன்னு ரோட்டுல நிக்க வெச்சுத்தான் பேசுவாங்க. “நான் மாத்தல சார், வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு”ன்னு நீங்க வாதாடலாம். வாதாடற நேரத்துல வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்.

கேரளாவுல எம்விடி இதுல எவ்வளவு கறாரா இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல யூடியூப் பண்ற அண்ணன் தம்பி ரெண்டு பேரோட மாடிஃபை பண்ணின வேனைப் பிடிச்சு வெச்சது மலையாளச் சேனல் பூராவும் ஓடுச்சு. 2024-ல ஒருத்தர் டாடா சஃபாரிக்குள்ள தார்ப்பாய் விரிச்சு நீச்சல் குளம் கட்டி ஓட்டி மாட்டினார். அது காமெடி. நம்ம போலோ காமெடி இல்ல, ஆனா அதே செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் அதுவும் வரணும்.

ஜெர்மனியில இந்த விஷயம் வேற மாதிரி. அங்க வீல், ஸ்ப்ரிங், எக்ஸாஸ்ட்னு மாத்தற பார்ட்டுக்குச் சான்றிதழ் இருக்கணும். தேவைப்பட்டா சோதனை பண்றவங்க பார்த்து, வண்டியோட பேப்பர்லயே அந்த மாற்றத்தை எழுதுவாங்க. அதனால அங்க ஒரு மாடிஃபை பண்ணின காரை வாங்கறவனுக்கு, தான் என்ன வாங்கறோம்னு பேப்பரைப் பார்த்தாலே தெரியும். இங்க அப்படி இல்ல. ஆர்சி புக்கில (இப்ப அது கார்டுதான், ஆனா யாரும் கார்டுன்னு சொல்றதில்ல) 105 குதிரைத்திறன் போலோ. ரோட்டுல நிக்கறது யாரோ ஒரு ட்யூனர், யாரோ ஒரு வெல்டர், யாரோ ஒரு ஓனர் சேர்ந்து பண்ணின இன்னொரு கார். அந்த ரெண்டாவது காருக்கு மேனுவல் கிடையாது, கியாரண்டி கிடையாது, பேப்பர்ப்படி அப்படி ஒண்ணு இருக்கிறதே கிடையாது. நீங்க பணம் கொடுக்கறது அதுக்குத்தான்.

இனி வண்டிக்குள்ள போவோம். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, ‘மச்சி வேற லெவல்’னு சொல்லி முடிக்கக் கூடாது.

மாடிஃபிகேஷன்ல காசு எங்க போகும்? சத்தம் வர்ற இடத்துக்கும் போட்டோவுல தெரியற இடத்துக்கும். எக்ஸாஸ்ட், ரீமேப், அலாய். பிரேக் ஆயில் மாத்தினேன்னு யாரும் ரீல்ஸ் போட்டு நான் பார்த்ததில்ல. இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினை, அழகுப் பிரச்சினை இல்ல. 80-ல போற வண்டி 100-ல போனா வேகம் 25 சதவீதம்தான் கூடியிருக்கு, ஆனா நிறுத்தறப்போ பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடிருச்சு. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான், வேகத்தோட வர்க்கம். ரீமேப் போட்ட கார் அந்த 100-ஐச் சீக்கிரமா, அடிக்கடி தொடும். பிரேக் டிஸ்க் மட்டும் கம்பெனி 105 குதிரைக்குக் கணக்குப் போட்டு வெச்ச அதே சைஸ்.

அதோட பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும், தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி தாங்கினாப் போதும்னுதான் தர விதியே சொல்லுது. ஆரியங்காவுல இருந்து புளியரைக்கு இறங்கி வர்றீங்க. சாரல் பெய்யுது. எஸ் வளைவுக்கு முன்னாடி ஜல்லி ஏத்தின டாரஸ் லாரி ஒண்ணு ஊர்ந்து ஏறிட்டு வருது, அதை ஓவர்டேக் பண்ண ஒரு பஸ் வெளிய எட்டிப் பாக்குது. அந்த இடத்துல பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ள போனா, ஸ்டேஜ் 2 எதுக்கும் உதவாது. அந்த ரோட்டுல சீசன் நேரத்துல ஒரு தடவையாவது போனவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு தெரியும்.

லோயரிங் ஸ்ப்ரிங்கும் அப்படித்தான். நல்ல ஸ்ப்ரிங்கும் அதுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் போட்டா ஒரு மாதிரி. பழைய ஸ்ப்ரிங்கையே ஒரு சுத்து வெட்டி விட்டா இன்னொரு மாதிரி. வெட்டினா ஸ்ப்ரிங் இறுகும், ஷாக் அப்சார்பருக்கு அசையற தூரம் குறையும், பள்ளத்துல விழும்போது நேரா ஸ்டாப்பர்ல போய் இடிக்கும். இடிக்கிற நொடியில டயர் ரோட்டை ஒழுங்காப் பிடிக்காது. தென்காசியில இருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர்தான், அதுக்குள்ள எத்தனை ஸ்பீட் பிரேக்கர், எத்தனை பேட்ச் வொர்க்! வெட்டின ஸ்ப்ரிங்கா, கம்பெனி ஸ்ப்ரிங்கான்னு டார்ச் அடிச்சு வீல் வழியாப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். முனை ரம்பம் வெச்சு அறுத்த மாதிரி இருக்கும்.

டயரைப் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். சட்டப்படி ட்ரெட் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும். என்னைக் கேட்டா நம்ம ஊர்ச் சாரலுக்கு அது பத்தவே பத்தாது. அழகான அலாய்ல வழுக்கை டயர் இருந்தா, அந்த ஓனர் எதுக்குச் செலவு பண்ணுவார், எதுக்குப் பண்ண மாட்டார்னு உங்களுக்கு விடை கிடைச்சிருச்சு.

கியர்பாக்ஸ். இது போலோ வாங்கறவங்களுக்கு மட்டும். அந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில இருக்கிறது ட்ரை கிளட்ச். அது தாங்கும்னு கம்பெனி சொன்ன டார்க் 250 நியூட்டன் மீட்டர். கார் ஃபேக்டரியில இருந்து வரும்போது கொடுக்கறது 175. நடுவுல இருக்கிற இடைவெளி கம்பெனி வெச்ச மார்ஜின். ஸ்டேஜ் 2 ட்யூன் பண்றவங்க விளம்பரத்துல போடற எண்கள் அந்த எல்லைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அதாவது நீங்க வாங்கும்போதே அந்த மார்ஜினை முந்தின ஓனர் செலவழிச்சுட்டார். நம்ம பசங்க பீம் டிசைன்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஒண்ணுன்னு எழுதினா சார் பேப்பரைத் தூக்கி எறிவார். இங்க அதையே அஞ்சு லட்சம் ஆறு லட்சம் கொடுத்து வாங்கறோம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசறதில்ல. அந்த ரீமேப் எந்த வருஷம், எந்தப் பெட்ரோலுக்குப் பண்ணினது? இன்னைக்கு நம்ம பங்க்ல வர்றது பெரும்பாலும் இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எடைக் கணக்குல ஒரு பங்கு பெட்ரோல் முழுசா எரிய 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அப்படின்னா அதே காத்துக்கு இப்ப இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் போகணும். மெதுவா ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும். ஃபுல் த்ராட்டில்ல, சில ட்யூன்கள் சென்சாரைக் கேக்காம எழுதி வெச்ச டேபிளை மட்டும் நம்பும். அந்த டேபிள் பழைய பெட்ரோலுக்கு எழுதினதா இருந்தா எரிபொருள் கம்மியாப் போய் சூடு ஏறும். நியாயமாச் சொல்லணும்னா எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதனால நாக்கிங் குறையவும் வாய்ப்பிருக்கு. ரெண்டுல எதுன்னு அந்த ட்யூனரைக் கேட்டாத்தான் தெரியும். அவர் நம்பர் விக்கிறவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க. “அது ஒரு ஃப்ரெண்டு மூலமாப் பண்ணினது”ன்னு பதில் வந்தா, புரிஞ்சுக்கங்க.

நேர்ல போகும்போது ஒரு ஓபிடி ஸ்கேனர் கொண்டு போங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கும், ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது கண்டிப்பா இருக்கும். எரர் கோட் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி கோடையெல்லாம் அழிச்சுட்டு நிக்கறது ரொம்பச் சுலபம். ‘ரெடினெஸ் மானிட்டர்’னு ஒரு பக்கம் இருக்கும், அதைப் பாருங்க. கோடை அழிச்சா அதுவும் அழிஞ்சிரும், கொஞ்ச தூரம் பல விதமா ஓட்டினாத்தான் திரும்ப நிரம்பும். எல்லாமே ‘இன்கம்ப்ளீட்’னு காட்டினா, யாரோ நேத்தோ இன்னைக்கோ அழிச்சிருக்காங்க. அல்லது பேட்டரி கழட்டினாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, கேட்டுக்கங்க. டவுன்பைப் மாத்தினப்போ கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தூக்கியிருந்தா, பின்னாடி இருக்கிற சென்சாரை சாஃப்ட்வேர்லயே ஆஃப் பண்ணியிருப்பாங்க, டேஷ்போர்டுல விளக்கு எரியாது. மூக்குக்குத் தெரியும். பழைய கன்வர்ட்டரைத் திருப்பித் தருவாரான்னு கேளுங்க. அதுக்குள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கு, அதனால பெரும்பாலும் அது எப்பவோ பழைய இரும்புக்காரர் கைக்குப் போயிருக்கும்.

நான் முதல்ல கேக்கற கேள்வியே இதுதான்: ஸ்டாக் பார்ட்ஸ் இருக்கா? கம்பெனி எக்ஸாஸ்ட், கம்பெனி ஸ்ப்ரிங், கம்பெனி ஏர் பாக்ஸ் மூணையும் அட்டைப்பெட்டியில போட்டு மாடியில வெச்சிருக்கிற ஓனர், மாடிஃபை பண்ணும்போதே திரும்பி வர்ற வழியை யோசிச்சவர். அவர் வண்டியை நான் மதிப்பேன்.

தென்காசியில எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் கிட்ட விளம்பரத்தைக் காட்டினோம். அவர் போட்டோவை விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு, “வண்டி நல்லாத்தாம்ல இருக்கு தம்பி. இவ்வளவு காசைக் கொட்டி ஆசையாச் செஞ்சவன், எதுக்கு ஒரு வருசத்துல விக்கான்?”னு கேட்டார். எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல. கல்யாணமா இருக்கலாம், வெளிநாட்டு வேலையா இருக்கலாம். டர்போ ஆயில் குடிக்க ஆரம்பிச்சதாவும் இருக்கலாம். அப்புறம் அவரே ஒரு பேப்பரை எடுத்து, இந்தக் காரைப் பழையபடி கம்பெனி நிலைக்குக் கொண்டுவர என்ன ஆகும்னு எழுதினார். கன்வர்ட்டரோட எக்ஸாஸ்ட், ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர், டயர் நாலு, பிரேக் பேட், ஆயில், கம்பெனி சாஃப்ட்வேர். கிளட்ச்சைச் சேர்க்காமலே ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்துச்சு. அதைத்தான் ஸ்டாக் விலையில இருந்து கழிக்கணும்னு சொல்றேன். சேட்டன் ஒன்றரை கூட்டறார், அண்ணாச்சி ஒண்ணே கால்கிட்டக் கழிக்கறார். ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணு லட்சம் வித்தியாசம். அந்தச் சீட்டுப் பணம் அதுக்குள்ள அப்படியே காணாமப் போயிரும்.

இதுக்கு எதிர்வாதம் உண்டு, அதை நான் மறைக்கல. நல்லா மாடிஃபை பண்ணின கார்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. பிரேக்கையும் ஷாக்கையும் முதல்ல மாத்தி, அப்புறம் ட்யூன் பண்ணி, பத்தாயிரம் கிலோமீட்டர்னு கம்பெனி சொன்னா அஞ்சாயிரத்துலயே ஆயில் மாத்தி, பில் எல்லாத்தையும் ஃபைல் போட்டு வெச்சிருக்கிற ஆளுங்க இருக்காங்க. சர்வீஸ் மட்டும் பார்த்து ஓட்டின சாதாக் காரை விட அவங்க கார் நல்ல நிலையில இருக்கலாம். கோயம்புத்தூரை எடுத்துக்கங்க. கரிவர்தன் மாருதி இன்ஜினை வெச்சே ரேஸ் கார் கட்டின ஊர் அது. மாடிஃபிகேஷன்னா ஏமாத்துன்னு அங்க போய்ச் சொன்னா நம்மளைத்தான் சிரிப்பாங்க. ஆனா அவங்க கட்டினது ட்ராக்குக்கு. அங்க ஒவ்வொரு வண்டியையும் ஒருத்தர் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் உள்ள விடுவார். அதே ஊர்ல கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்கிற ஃபார்முலா பாரத்துக்குப் போன சீனியர்ஸைக் கேளுங்க. மாணவர்கள் கட்டின அந்தக் குட்டிக் காரை 60 டிகிரிக்குச் சாய்ச்சுப் பார்ப்பாங்க. ஓட்டிட்டு வந்து பிரேக் அடிச்சா நாலு சக்கரமும் லாக் ஆகணும், ஆகலைன்னா வெளியதான் நிக்கணும். ஹெல்மெட், ரோல் ஹூப், தீயணைப்பான் எல்லாம் இருக்கிற ஒரு காருக்கு இவ்வளவு சோதனை. குற்றாலத்துல ஈரத்தலையோட குடும்பம் குடும்பமா ரோட்டோரமா நடந்து போறாங்களே, அந்த ரோட்டுல ஓடப் போற நம்ம போலோவைக் குனிஞ்சு பார்க்க ஒருத்தரும் இல்ல. அந்த ஃபைல் வெச்சிருக்கிற ஓனர் கிடைச்சாக்கூட நான் ஸ்டாக் விலைதான் கொடுப்பேன். அதுக்கு மேல இல்ல. அவர் கார் நல்லதுங்கிறதுக்காக ஆர்சி மாறப்போறது இல்ல.

இடையில ஒண்ணு. 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணியில நின்ன காரெல்லாம் எங்கயும் காணாமப் போகல, கழுவித் துடைச்சு எங்கயோ ஓடிட்டு இருக்கு. 2018 கேரளா வெள்ளத்துக் கார்களும் அப்படித்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, யாரும் கழுவ மறந்த சேறு அங்க ஒட்டியிருக்கும்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். வண்டியில மாற்றம் பண்ணினா கம்பெனிக்குச் சொல்லணும். சொல்லாம ஓட்டி ஆக்ஸிடன்ட் ஆனா, நம்ம வண்டிக்கான க்ளெய்ம்ல அவங்க கை வைக்க அது போதும். டெல்லி கார் மலிவுன்னு ஒரு கூட்டம் சொல்லும். அங்க பெட்ரோலுக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம்னு கெடு வெச்சதால வந்த மலிவு அது. வெளி மாநிலக் கார் எதுவா இருந்தாலும் அங்க உள்ள ஆர்.டி.ஓ.வுல என்.ஓ.சி. வாங்கணும், 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டணும்னா டிஎன் நம்பருக்கு மாத்தணும், இங்க லைஃப் டாக்ஸ் தனியாக் கட்டணும். டிஎன் 76 நம்பருக்காகத் தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அந்தக் காரை நீங்களே ஓட்டிட்டுப் போய் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும். டவுன்பைப்போட. அதை யோசிச்சுட்டு சேட்டனுக்கு அட்வான்ஸ் அனுப்புங்க.

“பேர் அப்புறம் மாத்திக்கலாம், ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சுக்கோ”ன்னு சொல்ற அண்ணன் ஒருத்தர் எல்லா ஊர்லயும் இருப்பார். 2018-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல, ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்னு சொல்லிருச்சு. அதனால விக்கிறவருக்கே அது ஆபத்து, இதைச் சொன்னா அவரே அவசரப்படுவார். உங்க பக்கம், கார் கைமாறினதும் பழைய பாலிசியோட தேர்ட் பார்ட்டி பாகம் மட்டும்தான் தானா உங்க பேருக்கு வரும், நம்ம வண்டிக்கான பாகம் வராது. 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாத்தணும். எழுதும்போது வண்டியில என்னென்ன மாத்தியிருக்குன்னும் எழுதிடுங்க. அந்தக் காகிதத்தோட நகல் ஒண்ணு கையில இருக்கட்டும், ஏன்னா அந்த ரெண்டாவது காரைப் பத்தி எழுத்துல இருக்கிற ஒரே ஆதாரம் அதுவாத்தான் இருக்கும்.